கொட்டாவியின் விலை

முப்பத்தெட்டாயிரம் ரூபா.
ஆறு ஞாயிறு. சான்றிதழுக்குத் தனிக் காசு.
விளம்பர எழுத்துப் பயிற்சியாம்:
"உங்கள் சொற்கள் நீங்கள் தூங்கும்போதும் உழைக்கும்."

நான் தூங்காமல் உழைப்பவன்.
உப்புவெளியில் ஏழு அறை விடுதி,
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
சாவிப் பலகைக்கு முன்னால்.
சம்பளம் நாற்பத்தோராயிரம்.
கழித்துப் பார்த்தால் மூவாயிரம் மிஞ்சும்,
அதில் மோட்டார்சைக்கிளும் நானும்
மாதம் முழுக்கக் குடிக்க வேண்டும்.

முதலில் எழுதச் சொன்னவர் மெர்சலின் அக்கா, முதலாளி.
நாலாம் அறைக்கு ஆள் வருவதில்லை.
"கடல் தெரியும் எண்டு போடு" என்றார்.
தெரியும்தான்.
குளியலறையில் கதிரை போட்டு ஏறி
யன்னற்கம்பியில் கன்னத்தை அழுத்தினால்
இரண்டு தென்னைக்கு நடுவே
ஒரு சாண் நீலம்.
அதை அப்படியே எழுதினேன்,
கதிரை நாங்கள் தருவோம் என்பதையும் சேர்த்து.
அக்கா ஒரு நாள் முழுக்க முகம் பார்க்கவில்லை.
அடுத்த கிழமை மட்டக்களப்பிலிருந்து ஒரு சோடி
அந்த அறையையே கேட்டு வந்தது.
விடியமுன் கேட்டது
கதிரை இழுபடும் சத்தம்,
பிறகு சிரிப்பு.

அன்றைக்குப் பிடித்த காய்ச்சல் இது.

பயிற்சியின் விளம்பரத்தை அச்செடுத்து
சிவப்புப் பேனையால் வெட்டத் தொடங்கினேன்.
'வாழ்க்கையையே மாற்றும்' வெட்டு.
'ஐந்தே ஐந்து இடங்கள்',
போன மாதமும் ஐந்துதான், வெட்டு.
'வீட்டிலிருந்தபடியே இலட்சம்'
யாருடைய வீடு?
வெட்டி வெட்டி
அடியில் மிஞ்சியது ஒரு வரி:
நீங்கள் எழுதுவதை ஒருவர் வாசித்துத் திருத்துவார்.
அதை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால்
அப்போதே காசு கட்டியிருப்பேன்.
அது தெரியாதவரிடமா படிக்கப் போகிறேன்
என்றும் ஒரு யோசனை.

கிண்ணியா றிஸ்மியா போன வருசம் படித்தவள்.
பாலம் கடந்து போய்க் கேட்டேன்.
இப்போது ஒரு தையற்கடைக்கும் பேக்கரிக்கும் எழுதுகிறாள்.
கட்டியதில் பாதிதான் திரும்பியிருக்கிறது.
"சான்றிதழ லெமினேட் பண்ணி வெச்சிரிக்கன்,
ஒருத்தரும் கேக்கல்ல.
பாடமெல்லாம் போன்லயே சும்மா கிடக்கு.
ஆனா அந்த சேர் எண்ட மூணாவது வரியில
கொட்டாவி விட்டார்.
மூஞ்சிக்கு நேர விட்டார்.
முப்பத்தெட்டும் அந்தக் கொட்டாவிக்குத்தான்."
பகிடியா என்று பார்த்தேன். இல்லை.
திரும்புகையில் பாலத்தில் காற்று பக்கவாட்டில் தள்ளியது.
கணக்குக் கலைந்தது. மறுபடி முதலிலிருந்து.

கொட்டாவிக்கு இங்கே பஞ்சமில்லை.
இரவு இரண்டு மணிக்கு
ஓட்டோ குலநாயகம் அண்ணர் வாசலில் படுத்திருப்பார்.
ஐந்தாம் அறைக்கு எழுதியதை உரத்து வாசித்தேன்.
இரண்டாம் வரியில் விட்டார்.
அந்த வரியை எடுத்துவிட்டு வாசித்தேன்.
நாலாம் வரியில் விட்டார்.
ஏன் என்று கேட்டால்
"நித்திரை வருது தம்பி, வேறென்ன."
எது என் வரி, எது இரண்டு மணி என்று
பிரித்துச் சொல்ல ஓராள் வேண்டும்.
அதற்கு முப்பத்தெட்டா?
இருபதென்றால் இப்போதே போவேன்.
இருபத்தைந்தென்றாலும்.

கடைசியாக நாலாம் அறையை வாசித்தேன்.
கொட்டாவி வரவில்லை.
எழும்பி உட்கார்ந்தார்.
"கதிரை பாரம் தாங்குமோ?"

வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்கிறது விளம்பரம்.
அதையும் வெட்டித்தான் இருக்கிறேன்,
ஆனாலும் வெள்ளி வரத்தான் போகிறது.
இன்றைக்குப் புதன்.
டோர்ச் அடித்துப் பார்த்தேன்,
பின்கால் ஒன்று ஆடுகிறது.
கடை திறந்ததும் என்.சி. வீதிக்குப் போய்
ஆணி வாங்க வேண்டும்.